கை நிற்காத அயோலி

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு சமையல்காரர் கௌஸ் மொய்தீன் தான் வேலைபார்க்கும் பங்களாவுக்கு விரைந்து வந்து சமையலறைக் கதவைத் தாழிட்டார். பச்சைப் பூண்டு வாயோடு பள்ளிவாசலுக்குப் போகக் கூடாது என்பதால் பூண்டில் அரைக்கும் அயோலி வேலையைத் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு மகள் ஃபகருன்னிசா வருகிறாள். கட்டிக்கொடுத்த கிருஷ்ணகிரியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள்: "வந்து எங்கூட இருங்கத்தா. இந்த வாட்டியும் வரலீன்னா இனிமேட்டுக் கூப்புட மாட்டேன்."

போய்விடுவது என்று அவரும் முடிவு கட்டிவிட்டார். மனைவி மௌத்தாகி நாலு வருஷமாகிறது. மத்திகிரிச் சாலையில் இருந்த அந்தப் பங்களாவை விட்டுப் பிரெஞ்சுக்காரத் துரையும் துரைசானியும் கப்பலேறிவிட்டார்கள். வாங்கிய பெங்களூர் முதலாளி எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி. சாப்பிட ஆளில்லாத வீட்டில் சமையல்காரன் பாடு ஒரு பாடா? தனக்கு மட்டும் சோறு வடித்து, மிச்சத்தைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, பேச்சுத் துணைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுமையான தனிமை அது.

அயோலி துரைசானி சொல்லித்தந்த பண்டம். பூண்டையும் உப்பையும் கல்லுரலில் மைய இடித்து, முட்டை மஞ்சள் கருவைச் சேர்த்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் முறிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். மனுஷர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கொட்டாங்குச்சியில் ஊசித் துளை போட்டுக் கடலை எண்ணெய் ஊற்றி, உரலுக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுவார். சொட்ட ஆரம்பித்தால் தீரும்வரை கை நிற்காது, வாய் திறக்காது, கதவும் திறக்காது. பேச்சில் கவனம் சிதறினாலும் கண்ணேறு பட்டாலும் முறிந்துவிடும் என்று ஒரு பயம் வேறு. துரையே வந்து கூப்பிட்டாலும் பதில் கிடைக்காது என்று ஊருக்கே தெரியும்.

பச்சை முட்டை என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். ஃபகருன்னிசா மட்டும் சின்ன வயதில் உரலை வழித்து நக்குவாள். அவளுக்காகத்தான் இன்றைய பாடெல்லாம்.

எண்ணெய் பாதி இறங்கியிருந்தது. கதவு தட்டப்பட்டது.

"அத்தா! நாந்தான்."

அவருக்கு நெஞ்சு துள்ளியது. கை மட்டும் நிற்கவில்லை.

"உரல் சத்தம் கேக்குதுத்தா. கதவத் தொறங்க. ரோட்டுல லாரி நிக்குது, அவரு அவசரப்படறாரு."

இதோ ஆயிற்று, கொஞ்சம் பொறு கண்ணு என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினார். இன்னொரு முறை தட்டினாள். பிறகு தட்டவில்லை. சாலைப்பக்கம் ஹாரன் அடித்தது.

கடைசிச் சொட்டு விழுந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு சுற்றுச் சுற்றினார். அயோலி வெண்ணெய் போலத் திரண்டு நின்றது. கிண்ணத்தில் வழித்து எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாகத் தாழை நீக்கினார்.

வாசலில் யாருமில்லை. தோட்டக்காரி கெம்பம்மா மட்டும் வாளியோடு நின்றிருந்தாள்.

"பாப்பா எங்க?"

"போயிருச்சு பாய். மாங்கா லாரி, நிக்காதாம்."

"ஏதாச்சும் சொல்லுச்சா?"

கெம்பம்மா வாளியைக் கீழே வைத்தாள். "'புள்ளையா இருக்கையிலயும் இந்தக் கதவுக்கு வெளியதான் நின்னேன். இன்னிக்காவது எனக்காகக் கைய நிறுத்துவாருன்னு பாத்தேன்'னுச்சு. அழுதுச்சு பாய்."

கௌஸ் மொய்தீன் உள்ளே திரும்பிப் பார்த்தார். காலிக் கொட்டாங்குச்சி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, துளையை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

"பாப்பாவுக்காகத்தாம்மா அரைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

கெம்பம்மா கிண்ணத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"அத உள்ளாற இருந்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நின்னிருக்குமே பாய்."