மூச்சு வாங்கும் இடம்

டிரம்ஸில் சிம்பல் தட்டின் தலையில் இருந்த திருகாணியை அவன் இறுக்கிக்கொண்டிருந்தபோது, பாடகர் குழுவை நடத்தும் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். எந்தச் செய்தியையும் திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோலத்தான் சொல்வார்.

"பிரதர், ஞாயித்துக்கிழமை மூணாவது பாட்டுக்கு டிரம்ஸ் வேண்டாம்."

"ஏன் டீச்சர்?"

"சிஸ்டர் வேண்டாம்னு சொல்றாங்க."

"எந்த சிஸ்டர்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டு சிஸ்டர்தான்."

அந்தச் சபையில் பெண்கள் எல்லோருமே சிஸ்டர்கள். பாஸ்டர் தன் சொந்த மனைவியைக்கூட மேடையிலிருந்து சிஸ்டர் என்றுதான் அழைப்பார். ஆகவே அந்த வார்த்தை சுற்றி வளைத்துத் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மேடையின் மறுகோடியில், தன் மைக்குக்கு முன்னால் நின்றிருந்த மனைவி, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் மேல் எழுதியிருப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த தாள் நாலாக மடிந்து எட்டாகிக்கொண்டிருந்தது.

"சரி டீச்சர்" என்றான். திருகாணியை இன்னொரு சுற்று இறுக்கினான். தேவையில்லாத சுற்று.

அவன் வாசிப்பைப் பற்றிச் சபையில் இரண்டு கருத்து கிடையாது. காய்ச்சலில் அவன் படுத்துவிட்ட ஒரு வாரம், சபையார் கைதட்டியது தகரக் கூரையில் மழை விழுந்ததுபோல இருந்தது என்று பாஸ்டரே மேடையில் சொன்னார். அவனுக்கும் தன்னைப் பற்றி அதே கருத்துதான். பெருமை கூடாது என்று பிரசங்கம் நடக்கும்போது ஒப்புக்கொண்டு தலையை ஆட்டுவான். அந்த ஆட்டத்திலும் தாளம் பிசகாது. வெறும் வீம்பு என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. சத்தமாக வாசிப்பவர்கள் எங்கும் கிடைப்பார்கள். ஜெபம் நடக்கும்போது துணி சுற்றிய குச்சியால் சிம்பலைத் தொட்டு, தூரத்து அலைபோல ஓர் ஓசையை எழுப்பி, அது எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் அடக்கிவிட அவனுக்குத் தெரியும். வாசிக்காத நேரத்தில் ஸ்நேரை மௌனமாக்கி வைப்பதிலும் அவன் கவனம் தனி. முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன டிரம்மின் அடித்தோலை ஒட்டிக் கம்பிச் சுருள்கள் ஓடும். பக்கத்தில் ஒரு லீவர். அதை இறக்கினால் கம்பிகள் தோலை விட்டு விலகும். இறக்காமல் விட்டால், வேறு யாராவது பாடினால்கூட டிரம் தானாகச் சீற ஆரம்பித்துவிடும். கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு அது. அவன் செய்ததில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பைக் சிக்னலில் நின்றபோது அவன் விரல்கள் பெட்ரோல் டேங்கின் மேல் தாளமாக ஓடின. பின்னாலிருந்து அவள் கை நீண்டு வந்து அந்த விரல்களின் மேல் படிந்தது. அன்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அது கொதிக்கும் பாத்திரத்தை மூடி போட்டு அடக்குவதுபோல இருந்தது.

அவன் பிழைப்பு வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது. வாரமெல்லாம் ஒரு டிரம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டிரம் என்று வாடிக்கையாளர்களிடம் அவனே சொல்லி அவனே சிரிப்பான். வீட்டுக் கூடத்தில் எப்போதும் யாருடையதோ ஒரு மெஷின் வயிற்றைத் திறந்தபடி நின்றிருக்கும். சாப்பாட்டு மேசையை அதோடு பங்கிட்டுக்கொண்டு மகள் வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, மேசைய விடுங்க. கோடு கோணையாப் போகுது."

அவன் கையை எடுத்தான். சற்று நேரத்தில் அது முழங்காலில் ஆரம்பித்தது. மகள் தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் வாசிப்புல என்ன குறை?" என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்டான்.

"குறை ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல."

குழாயை மூடிவிட்டு அவள் சொன்னதிலிருந்து, அவனுக்கு முதலில் புரிந்தது அந்தப் பாட்டு அவளுடையது என்பது. டீச்சர் ஏதோ பழைய புத்தகத்திலிருந்து எடுத்திருப்பார் என்று நினைத்திருந்தான். வரிகளும் இவள்தான், மெட்டும் இவள்தான். வீடு காலியாக இருக்கும் நேரங்களில், இதே தொட்டியின் முன்னால் நின்று கட்டியது. தன்னிடம் ஏன் பாடிக் காட்டவில்லை என்று கேட்டான். இரண்டு தடவை பாடியதாக அவள் சொன்னாள். "நீங்க கதவுல தட்டித் தாளம் போட்டீங்க. நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாம்னீங்க."

அவனுக்கு நினைவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. அச்சு அசலாக அவன் சொல்லக்கூடியதுதான்.

"நான் மூச்சு வாங்கற எடத்துல எல்லாம் நீங்க வந்துடறீங்க" என்றாள்.

"அங்கதானே வரணும்?" அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பாடுபவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் சந்தில் டிரம்மர் படபடவென்று உருட்டி ஒரு ரோல் போட்டு, அடுத்த வரியின் வாசலில் அவரைக் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அவன் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. "இத்தன வருஷத்துல உன் வார்த்தை ஒண்ணையாவது மிதிச்சிருக்கேனா, சொல்லு."

"வார்த்தைய மிதிச்சதில்ல." ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவள் யோசித்தாள். "இந்தப் பாட்டுல பாதி அந்த எடத்துலதான் இருக்குங்க. கேட்டுட்டுக் காத்திருக்கற பாட்டு இது. ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. நீங்க உடனே ஒரு ரோல் போட்டா, பதில் வந்துட்ட மாதிரி ஆயிடும்."

பாட்டைப் பற்றி அவளிடம் தோற்றது அதுதான் முதல் முறை என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பேச்சை நடைமுறைக்குத் திருப்பினான். தான் தாளத்தைப் பிடித்து நிறுத்தாவிட்டால் ஜனங்கள் கைதட்டலில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், நடுப்பாட்டில் அவள் மாட்டிக்கொள்வாள் என்றான்.

"மாட்டிக்கறேன். நீங்க மட்டும் காப்பாத்த வந்துடாதீங்க."

"அப்ப நான் கைய என்னதான் பண்றது?"

"மடியில வச்சுக்கங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான உக்காந்திருக்காங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் படுக்கும்வரை அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் நடமாடினான்.

சனிக்கிழமை, மாடி வீடு ஒன்றில், தண்ணீர் வடியாத மெஷினைச் சரிசெய்துவிட்டு ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அலசி முடித்து, பிழிய ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லா மெஷின்களும் கொஞ்சம் நிற்கும். உள்ளே ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டதா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. வழக்கமாக அந்த நேரத்தில் அவன் மெஷினின் மூடியில் ஒரு கச்சேரியே நடத்திவிடுவான். அன்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. துணிகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. மெஷின் ஒரு முனகலோடு அசைந்து பிறகு சுழல ஆரம்பித்தது. அந்த வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, உடம்பு சரியில்லையா? சத்தத்தையே காணோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் இரண்டு பாட்டையும் அவன் அபாரமாக வாசித்தான். கொஞ்சம் வேண்டுமென்றே என்றுகூடச் சொல்லலாம். இரண்டாவது பாட்டின் முடிவில் அவன் போட்ட ரோலுக்குச் சபை கடைசி வரிசை வரை எழுந்து நின்றது. அந்தச் சூடு அடங்குவதற்குள் அவன் மனைவி மைக்கை உயர்த்தினாள். அவன் குச்சிகளைத் தரையில் வைத்தான். கைகளை மடியில் வைத்தான்.

கீபோர்ட் வாசிப்பவர் மெலிதாகச் சுருதி பிடித்தார். அவள் ஆரம்பித்தாள். அவன் இடத்திலிருந்து எப்போதும் தெரிவது அவள் முதுகும், பின்னலின் நுனியும், மைக்கைப் பிடித்த முழங்கையும்தான். முதல் சரணம் நன்றாகவே போயிற்று. மெட்டு எளிமையானது. எங்கே ஏறும் என்று அவன் நினைத்தானோ அங்கே ஏறாமல், ஒரு படி தள்ளிப்போய் ஏறியது. வேகமாக்கச் சொன்னவன் யார் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது சரணத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். உற்சாகப்படுத்தத்தான். பழக்கம் அது, பிடித்த பாட்டு என்றால் அந்தச் சபையில் கை தானாக எழும். ஒரு வரிசை தட்டியது, பிறகு பாதிச் சபை. அவன் பயந்ததுபோலவே, தட்டத் தட்ட ஓடியது. கீபோர்ட் வாசிப்பவர் அந்த ஓட்டத்தோடு ஒரு கால், அவளோடு ஒரு கால் என்று இழுபட்டு, கடைசியில் அவனைப் பார்த்தார். டீச்சரும் திரும்பினார். யாருடைய வாயால் வேண்டாம் என்று வந்ததோ அவரே, இடுப்புக்குக் கீழே கையை மறைத்து, வா வா என்று சைகை காட்டினார்.

அவனுடைய வலது கால் பெரிய டிரம்மின் மிதியின் மேல் ஏற்கெனவே இருந்தது. எப்போது போனது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு மிதி போதும். ஒரே ஒரு கனத்த அடி விழுந்தால் இத்தனை கைகளும் வரிசைக்கு வந்துவிடும், பாட்டு நிமிர்ந்துவிடும், எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அவளும்கூட விடலாம். இந்தக் கூடத்தில் அதைச் செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதில் அவனுக்கு இப்போதும் சந்தேகமில்லை.

அவள் பாடுவதை நிறுத்தினாள்.

மறந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவனும் ஒரு கணம் அப்படி நினைத்தான். பிறகு அவள் தோள்களைப் பார்த்தான். அவை நடுங்கவில்லை, இறங்கியிருந்தன. வரி முடிந்திருந்தது. கேள்வி கேட்டாயிற்று. அவள் காத்திருந்தாள். கைதட்டல் அவள் வருவாள் என்று நம்பி இரண்டு மூன்று முறை அடித்துப் பார்த்தது. வரவில்லை. இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று உதிர்ந்து, கடைசியில் ஜன்னலோரம் இருந்த ஒருவர் மட்டும் தனியாகத் தட்டி, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். கீபோர்டின் சுருதியும் தேய்ந்தது. அவன் குதிகாலைத் தரையில் ஊன்றி, காலை மிதியிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அப்போது மைக்கில் அவள் மூச்சு வாங்கியது கேட்டது. சின்ன ஓசை, தொண்டையின் அடியில் லேசாகச் சொரசொரத்து, மேலே வரும்போது தெளிந்தது. இத்தனை வருடங்கள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அவள் மூச்சு வாங்கினால் எப்படி இருக்கும் என்று இதுவரை அவன் கேட்டதில்லை.

அவள் மறுபடியும், முன்பைவிடத் தாழ்ந்த குரலில், தன் வேகத்தில் எடுத்தாள். யாரும் கைதட்டவில்லை.

உடனே ஏதோ சீறியது. அவன் திடுக்கிட்டுக் குனிந்தான். ஸ்நேர். குச்சிகளைக் கீழே வைத்தவன் லீவரை இறக்க மறந்திருந்தான். இவ்வளவு நேரம் கீபோர்டும் கைதட்டலும் அதை மூடியிருந்தன. அவள் குரல் ஒலிபெருக்கி வழியாக வந்து தோலைத் தொட, கீழே கம்பிகள் ஒவ்வொரு வார்த்தைக்கும் தாமாகச் சிலிர்த்துக்கொண்டிருந்தன. லீவரை இப்போது இறக்கினால் டக்கென்று ஓர் ஓசை கேட்கும். அந்த ஓர் ஓசைகூட இங்கே இடிபோல விழும்.

அவன் வலது உள்ளங்கையை டிரம்மின் மேல் மெதுவாக வைத்தான். கொஞ்சம் அழுத்தினான். சீற்றம் அடங்கியது. ஆனால் தோல் அடங்கவில்லை. கைக்கடியில் அது உயிருள்ள ஒன்றுபோல அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் மேலே போனபோது விரல் நுனிகளுக்கு வந்தது, கீழே வந்தபோது உள்ளங்கையின் குழிக்குள் திரண்டது.

அவள் அந்த வரியை முடித்தாள். கைக்கடியில் தோல் அசையாமல் நின்றது. அவன் கையை எடுக்காமல், அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான்.