வாட்ச் டவரில் மட்டும் சிக்னல்

தெருமுனைக் கடையில் காய்கறி வாங்கவே கார் எடுக்கும் என் அக்கா, பறவைகள் சரணாலயத்தில் நாள் முழுக்க நடக்கலாம் என்று கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைகால் புரியாமல் கிளம்பிவிட்டேன். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நான் தெருவைத் தாண்டியதே இல்லை. இன்று ஒருநாள் அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

முதியோர் இல்லப் பேச்சை அவன் எடுத்தபோதெல்லாம், “நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது” என்று முட்டுக்கட்டை போட்டவள் நான். அக்கா என் பக்கம். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஏரியில் நாரைகள் மீன் பிடித்துக்கொண்டிருந்தன. அக்கா பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் ரொம்ப தூரத்துல இருக்குடி” என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அம்மா மாத்திரை போட்டாளா என்று கேட்கலாமென்றால் போனில் சிக்னல் இல்லை. வழியில் நின்ற வனக்காவலர், “வாட்ச் டவர் மேல ஏறினா கிடைக்கும்மா” என்றார்.

“எதுக்குடி? அண்ணன் பார்த்துப்பான். எனக்கு வேற முட்டி வலிக்குது” என்றாள் அக்கா.

“முட்டி உனக்குத்தானே வலிக்குது? நீ கீழயே இரு.”

“சொன்னா கேளு. சாப்பிடலாம் வா.” கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. உதறிவிட்டு ஏறினேன்.

மேலே போனதும் போன் அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரம்மா எப்போதோ அனுப்பிய செய்தி. “அம்மாவை வேன்ல ஏத்துறாங்களே, பெட்டியெல்லாம் போகுதே, எங்க கூட்டிட்டுப் போறாங்க?”

கீழே எட்டிப் பார்த்தேன். அக்கா நாரைகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவளே கழுத்தறுத்துவிட்டாள்.

அம்மாவை அழைத்தேன்.

“அம்மா, வேனை விட்டு இறங்கு! நான் வரேன்.”

“வந்து சேர்ந்தாச்சும்மா. ஜன்னல் பக்கம் கட்டில் குடுத்திருக்காங்க.” குரல் நிதானமாக இருந்தது. “மாட்டேன்னுதான் உட்கார்ந்திருந்தேன். நீயே சரின்னு சொல்லிட்டதா உன் அண்ணன் சொன்னான். முதல்ல நம்பலை. அப்புறம் யோசிச்சேன். காலையில தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே கிளம்பினியே.”

“ஐயோ, எனக்கு எதுவுமே தெரியாதும்மா!”

“விடும்மா. நேர்ல சொல்ல உனக்கு வாய் வந்திருக்காது.” பிறகு கேட்டாள். “பறவையெல்லாம் நல்லாத் தெரியுதா?”