சந்திரகலாவின் இங்கிலீஷ்

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சுவிட்சைப் பழுதுபார்க்கப் போயிருந்த என் வீட்டுக்காரரிடம் சந்திரகலா, "மிஸ்டர், நவ் ஓபன் தி லைட் லா" என்றாள். அவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, வயிறு குலுங்குகிற சிரிப்பு. இந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எனக்குக் கத்தி விரலில் பட்டது. விளக்கைத் திறப்பதாம்! அதென்ன தகர டப்பாவா?

ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடத்தை மூடும்வரை பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். தப்பான இங்கிலீஷ் காதில் விழுந்தால் எனக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். வாசலில் நுழையும்போதே 'குட் நைட்' என்பவர்கள், 'டுடே மார்னிங்' என்பவர்கள், சித்தப்பா மகனைக் 'கசின் பிரதர்' என்பவர்கள், ஒருத்தரையும் நான் விட்டதில்லை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணனும் இங்கிலீஷில்தான் கொஞ்சுவார். ரயில்வே கிளார்க் இல்லையா! "ஐ ஆம் லவ்விங் யூ ஒன்லி" என்றார் ஒருநாள். திருத்தினேன். ஆசையாகச் சொன்னால் தப்பு தப்பில்லாமல் போய்விடுமா? அதற்குப் பிறகு அவர் என்னிடம் இங்கிலீஷ் பேசவேயில்லை. போகப்போகத் தமிழும் குறைந்துபோயிற்று.

இந்தச் சந்திரகலா கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தவள். புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணன் வீட்டு ஆதரவில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து, எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். பாவம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வரிசையில் எல்லாப் பெண்களும் என் வீட்டுக்காரரை 'அண்ணே' என்று கூப்பிடும்போது இவளுக்கு மட்டும் என்ன 'மிஸ்டர்'? பேரில்லாமல் வெறும் மிஸ்டர் என்று இங்கிலீஷில் யாரையும் கூப்பிடக்கூடாது. அதைச் சொன்னேன். "அப்டியாக்கா? மிஸ்டர்கிட்ட கேட்டேன், பரவால்லன்னாரே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை பங்கீட்டு அரிசிக்கு நின்றோம். எனக்கு முன்னால் அவர், அவருக்கு முன்னால் அவள். அது எப்படித்தான் அமைகிறதோ! கடை வாசலில் ஒரு ஜப்பான் சிப்பாய் துப்பாக்கியோடு நிற்பான். அவனுக்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவன் காதில் இங்கிலீஷ் விழக்கூடாது. விழுந்தால் அறைதான் என்பது தெருவில் குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே சந்திரகலா அவர் பக்கம் நன்றாகச் சாய்ந்து, காதோரமாக, "மிஸ்டர், ரைஸ் ஃபினிஷ் ஆல்ரெடி" என்று கிசுகிசுத்தாள். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார்!

"தி ரைஸ் ஹேஸ் ரன் அவுட்!" என்றேன்.

கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல் என்னுடையது. சிப்பாய் இறங்கி வந்தான். "சியாப்பா?" என்று மலாயில் கத்தினான். யார் பேசியது? சந்திரகலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் குனிந்து அரிசிப் பையைப் பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஓரடி முன்னால் போய்க் குனிந்து வணங்கினார். "சாயா, துவான்" என்றார். நான்தான் ஐயா என்றார்!

பேசியது பெண் குரல் என்று அந்தச் சிப்பாய்க்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவனுக்கு வேண்டியது ஒரு கன்னம். அறைந்தான். அவர் நிமிர்ந்தார். மறுபடியும் அதே இடது கன்னத்தில் அறைந்தான். மூக்குக்கண்ணாடி சந்திரகலாவின் காலடியில் போய் விழுந்தது. அவள்தான் குனிந்து எடுத்தாள். முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அதைத் துடைக்க என்னிடம் முந்தானை இல்லையா?

வீட்டுக்கு வந்து அவரைப் பாயில் படுக்கவைத்தேன். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். காது 'ஙொய்' என்கிறது, அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை என்றார். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கூடவே அந்த எழவெடுத்த கேள்வியும் வந்தது. அங்கே இங்கிலீஷ் பேசியவர்கள் இரண்டு பேர். அவர் யாருக்காகப் போய் நின்றார்? எனக்காகத்தான் என்றால், இந்த ஜென்மத்துக்கு எனக்கு அது போதும்.

"என்னங்க," என்று குனிந்து கேட்டேன். "யாருக்காக அடி வாங்குனீங்க?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் கிட்டே போய்க் கேட்டேன். கண்ணிமைகூட அசையவில்லை.

அந்த நேரம் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து, குரலே எழும்பாமல், "மிஸ்டர், பெயின் இஸ் கோயிங்?" என்று கேட்டது.

அவருடைய உதடு வீங்காத பக்கமாக மெல்ல விரிந்தது. வீங்கிய கன்னம் என் பக்கம் இருந்தது. நல்ல காது சுவர்ப் பக்கம் இருந்தது.