எல்லோருக்கும் சிவப்பு

என் மனைவி டெல்ஃபினா, மலைமேல் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் எல் ஆல்ட்டோவில், சுகாதார நிலையத்தின் வாசலில் அபி விற்றாள். ஊதாச் சோளக் கஞ்சி. காலைக் குளிரில் அது இறங்காமல் எங்கள் ஊரில் யாருக்கும் பேச்சு வராது. அவளுடைய அகப்பையை நகராட்சி சோதிக்கும். நகம் வெட்டியிருக்கிறாளா, தலையில் துணி கட்டியிருக்கிறாளா என்று பார்க்கும். சுகாதார அட்டை இல்லாமல் ஒரு கோப்பை ஊற்ற முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் அவளுக்குக் காய்ச்சல், இருமல். பானையைத் தங்கையிடம் விட்டுவிட்டு அதே நிலையத்துக்குள் போனோம். டாக்டர் இரியார்த்தே தினமும் அவளிடம் அபி குடிப்பவர்; வாடிக்கையாக வாங்கும் கடைக்காரியை எங்கள் ஊரில் கூப்பிடுவதுபோல அவளைக் 'கசேரா' என்பார். அவள் விரலைப் பிடித்துத் தன் கைபேசியின் கேமராமேல் வைத்தார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று அந்தச் செயலி சொல்லுமாம். திரை சிவந்து அலறியது.

"பயப்படாதீங்க கசேரா. கடலோரத்துல இருக்கிறவங்களுக்காகச் செஞ்ச ஆப் இது. இவ்வளவு உயரத்துல நாம எல்லாருமே இதுக்குப் பொணந்தான்."

தன் விரலை வைத்தார்: சிவப்பு. என் விரல்: சிவப்பு. வரிசையில் நின்ற மினிபஸ் ஓட்டுநர் தானாகவே விரலை நீட்டினார். அதற்கும் சிவப்பு.

"என் பொண்டாட்டி ரொம்ப நாளா இதத்தான் சொல்றா டாக்டர்!" என்றார் ஓட்டுநர்.

எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபினாவும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை.

"ஆனா மூச்சு வாங்குதே டாக்டர்," என்றாள்.

"இந்த ஊர்ல யாருக்குத்தான் வாங்கல? உங்க அபியையே சூடாக் குடிங்க."

எங்கள் சிவப்புக்கும் அவள் சிவப்புக்கும் கீழே இருந்த எண்களை அவர் ஒப்பிடவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கவில்லை. விரலில் மாட்டும் உண்மையான கருவி பேட்டரி இல்லாமல் மேஜைக்குள் கிடந்ததாகப் பிறகு செவிலி சொன்னாள். அந்த வாரம் முடிவதற்குள் நிமோனியா டெல்ஃபினாவைக் கொண்டுபோயிற்று.

மருத்துவக் கருவிகளைப் பதிவுசெய்யும் அலுவலகம் கீழே லா பாஸில் இருக்கிறது. அந்தச் செயலியை என் கைபேசியில் ஏற்றிக்கொண்டு போனேன். அதைத் தடை செய்ய வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

"அது மருத்துவக் கருவியே இல்லைங்க," என்றார் அதிகாரி. "உடல்நலத் தகவலுக்கு மட்டும்னு அதுலயே போட்டிருக்கு. எங்க பொறுப்புல வராது."

"டாக்டர் அத வச்சுத்தானே பார்த்தார்?"

"டாக்டர் கையில இருக்கிறதையெல்லாம் நாங்க பதிய முடியுமா? அவர் பேனாவையுமா?"

"என் பொண்டாட்டி அகப்பையைப் பார்த்தீங்களே ஐயா!"

"அது நகராட்சி."

கைபேசியை அவர் முன் நீட்டினேன். "விரல வைங்க."

சலிப்போடு வைத்தார். அது அலறியது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"பாத்தீங்களா, சும்மா விளையாட்டு."

"அப்ப இது தப்பாக் காட்டுதுன்னு எழுதிக் குடுங்க."

"சோதிக்காம எப்படி எழுதறது?"

"சோதிங்க."

"கருவியே இல்லாததை எப்படிச் சோதிக்கிறது?"

நான் எழுந்தேன். அவர் விரலை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். நான் கதவருகே போனதும் குரல் தாழ்த்திக் கூப்பிட்டார்.

"ஏங்க, ஒரு நிமிஷம். இது நிஜமாவே எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுமா?"

"தெரியாதுங்க," என்றேன். "யாரும் சோதிச்சுப் பாக்கல."