ஆறாவது பட்டன்

"ஓவர் முடிஞ்சுது. நடங்க."

"எங்கே முடிஞ்சுது? அஞ்சு பந்துதானே போட்டிருக்காங்க..."

"ஆறு."

"அஞ்சுடி! ஆடினது நான். என் மட்டைக்குத் தெரியாதா?"

"உங்க மட்டைக்குத் தெரிஞ்சிருந்தா கடைசி ஓவர்ல ஒரு பந்தாவது அதுல பட்டிருக்கும். ஆறுன்னா ஆறு. நகருங்க, நான் ஸ்டம்பைப் பிடுங்கணும்."

மைதானத்தின் நட்டநடுவில், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கு நின்றார்கள். காலில் பேடும் கையில் மட்டையுமாக நின்றவர் தையல்காரர். முழங்காலுக்குக் கீழே இறங்கிய வெள்ளைக் கோட்டோடு நின்றவள் அவர் மனைவி, அன்றைக்கு அம்பயர். அந்த வட்டாரத்துக் கிளப்புகளில் அம்பயருக்கென்று வெளியாள் வைப்பதில்லை. எந்தப் பக்கம் மட்டை பிடிக்கிறதோ அந்தப் பக்கமே ஆள் நிறுத்த வேண்டும். ஆள் கிடைக்காத சீசனில் யாரோ அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவளை அந்த இடத்திலிருந்து நகர்த்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

அது சீசனின் கடைசி ஆட்டம், கடைசி ஓவர். தோல்வி எப்போதோ நிச்சயமாகிவிட்டது. இன்னும் ஒரு பந்து கிடைத்தாலும் இருபத்துமூன்று ரன் எடுக்க முடியாது. ஆனால் தையல்காரருக்கு வேண்டியது இருபத்துமூன்று அல்ல, ஒன்று. அவர் நாற்பத்தொன்பதில் நின்றார்.

கிளப் அறையின் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. ஐம்பது அடித்தவர்கள் பெயரெல்லாம் அதில் பச்சைப் பெயின்டில் ஏறியிருக்கும். எதிரணி நாலு கேட்ச் கோட்டைவிட்ட புண்ணியத்தில் ஐம்பது தொட்ட லாரி டிரைவரின் பெயர்கூட அதில் இருந்தது. அந்தப் பலகையில் உள்ள அத்தனை பேரின் இடுப்பளவும் தையல்காரருக்கு மனப்பாடம். வெள்ளைப் பேன்ட் எல்லாம் அவர் தைத்துக் கொடுத்ததுதான். இருபத்திரண்டு வருஷமாக ஆடுகிறார், அவர் பெயர் மட்டும் ஏறவில்லை. முட்டி இனிமேல் கேட்காது, இந்த வருஷத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று வீட்டிலும் கடையிலும் சொல்லியாகிவிட்டது.

"எழுதி வச்சிருக்கவனைக் கேளு!" என்று தையல்காரர் எல்லைக் கோட்டுப் பக்கம் மட்டையை நீட்டினார்.

ஸ்கோர் நோட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தம்பி. "அஞ்சுதான் அக்கா," என்று கத்தினான். பிறகு நோட்டைத் திருப்பிப் பார்த்தான். "இல்ல... ஆறாவும் இருக்கலாம். நடுவுல கொஞ்ச நேரம் பென்சில் சீவிட்டு இருந்தேன் அத்தான்."

"சீவினடா, நல்லாச் சீவின!"

மறுமுனையில் ஓட நின்ற லாரி டிரைவரைத் தையல்காரர் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க மாஸ்டர். ஓடுனு சொன்னா ஓடுவேன். எண்ணுனு யாரும் சொல்லலை." பக்கவாட்டில் நிற்க வேண்டிய இன்னொரு அம்பயர், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான், இன்னும் குடித்துக்கொண்டிருந்தார்.

எதிரணித் தலைவர் ரொட்டிக்கடைக்காரர். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டுகிற மனிதர். சாயங்காலமானால் அவருக்குக் கண் சொருகும். "தங்கச்சி, ஒரு பந்துதானே? போட்டுட்டுப் போறோம். குடும்பச் சண்டைக்கு எங்களைச் சாட்சி ஆக்காதம்மா."

"அது எப்படிண்ணே? அம்பயர் எண்ணினதுதான் எண்ணிக்கை. தப்பாவே எண்ணினாலும் அதுதான். புஸ்தகத்துல இருக்கு."

"அப்போ தப்பா எண்ணினேன்னு ஒத்துக்கற?" என்றார் தையல்காரர்.

"நான் அப்படிச் சொல்லவேயில்லை. இதோ பாருங்க." அவள் கோட்டின் வலது பையில் கையை விட்டாள். இடது பையில் ஆறு பட்டன் வைத்துக்கொண்டு, பந்துக்கு ஒன்றாக வலது பைக்கு மாற்றுவது அவள் வழக்கம். கடையிலிருந்து எடுத்த கறுப்புக் கோட்டுப் பட்டன்கள். இடது பை காலியானால் ஓவர் முடிந்தது. இதில் யார் என்ன தப்பு செய்ய முடியும்? உள்ளங்கையை விரித்தாள். எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

ஐந்து.

"என்ன, அம்பயர் அம்மா பேச்சைக் காணோம்?"

"இருங்க."

"ஓவர் ஆரம்பத்துல எண்ணிப் போடலையா?"

"நம்பி அள்ளிப் போட்டேன்."

அவள் விரல் இடது பைக்குள் துழாவியது. அடியில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியே விரல் உள்துணிக்குள் போய்விட்டது. அவளுக்கு முகம் சிவந்தது. வெட்கத்தில் பாதி, கோபத்தில் பாதி. அதற்குள் தையல்காரர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, கோட்டின் கீழ்மடிப்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். இருபது அங்குலத் துணியில் ஒரே அமுக்கில் இடம் பிடித்துவிட்டார்.

"இந்தா இருக்கு உன் ஆறாவது. நாலு கண்ணுப் பட்டன்."

"இந்தக் கோட்டைத் தைச்சது யாரு?"

"அது..."

"பை கிழிஞ்சிருக்கு, ரெண்டு தையல் போட்டுக் குடுங்கன்னு மூணு வாரமாச் சொன்னது யாரு?"

"வேலை இருந்துதும்மா. பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம்..."

"ஊர்ல இருக்கவங்க பையெல்லாம் தைக்க நேரம் இருந்துது!"

ரொட்டிக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போதும், தூக்கம் தெளிஞ்சுபோச்சு. போடுங்கடா அந்த ஆறாவதை!"

அவள் ஐந்து பட்டனையும் வலது பைக்குள் போட்டுவிட்டு ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றாள். ஆறாவதை மடிப்போடு சேர்த்து இடது கையில் பிடித்துக்கொண்டாள். மனதுக்குள் அவளும் வேண்டிக்கொள்ளத்தான் செய்தாள். பலகையில் லாரி டிரைவர் பெயருக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். தூக்கத்தில்கூட "ஓடு, ஓடு" என்று உளறுகிறவரோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள்தானே.

பந்து வந்தது. தையல்காரர் இருபத்திரண்டு வருஷத்தையும் சேர்த்து ஒரு வீசு வீசினார். பந்து இடது பக்கம் உருண்டது. "ஓடு!" லாரி டிரைவர் சொன்னபடி ஓடினார். தையல்காரர் முட்டியை மறந்து ஓடினார். மட்டையைத் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டுக்குள் வந்து விழாத குறையாக நின்றார்.

கைதட்டல் பொத்துக்கொண்டு வந்தது. எதிரணியும் சேர்ந்து தட்டியது. தம்பி நோட்டைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். "அம்பது அத்தான்! அம்பது!"

அவள் மட்டும் கை தட்டவில்லை.

அவள் காதில் விழுந்தது மட்டைச் சத்தம் அல்ல. மட்டையில் பட்டால் 'டக்' என்றிருக்கும். இது 'பொத்'. தலையணையைத் தட்டினாற்போல. அந்தப் பேடு அவளுக்குத் தெரியும். பஞ்சு வெளியே வந்த பழைய பேடைப் பிரித்து, வெட்டுத்துணியை அடைத்து, மேலே புது வெள்ளைத் துணி போட்டு அவரே தைத்தது. போன வாரம்தான். காலில் பட்டு ஓடினால் ரன் அணிக்குச் சேரும், ஆடியவர் பெயரில் சேராது.

ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை.

அவள் ஒரு முட்டியைத் தூக்கி அதைத் தட்டிக் காட்டினாள். லெக் பை.

கைதட்டல் நின்றது.

"அக்கா!" என்று தம்பி அலறினான். "சொந்தப் புருஷனுக்கே இப்படியா?"

"கால்ல பட்டுதுடா. அதை எழுது."

"தங்கச்சி, மட்டையிலதான் பட்டுது," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுது."

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். அது தெளிவா இது தெளிவா என்று நாள் முழுக்க நாலு பேரைக் கேட்கிறவள். "அப்போ நாளைக்குக் கடைக்கு வாங்கண்ணே. ஒரு தடவை சோதிச்சுப் பாத்துரலாம்."

"நாங்களே சரின்னு சொல்றோமேம்மா!"

"நீங்க நல்லவங்க. ஆனா நான் அம்பயர்."

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். போடாத ஒரு பந்துக்காக மைதானத்தையே கூட்டிய மனிதர், இப்போது ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் கொண்டுபோய், பாடம் ஒப்பிக்க வந்த பிள்ளை மாதிரி நின்றார்.

"மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க!"

அவர் குனிந்து கையுறையைக் கழற்றினார். ஒரு விரல், அப்புறம் இன்னொரு விரல். "நேரமாச்சு," என்றார். "ஸ்டம்பைப் பிடுங்குங்க."

தம்பி முனை கூரான பென்சிலால் நாற்பத்தொன்பது என்று எழுதினான்.

இருட்டுவதற்குள் கடைக்கு வந்துவிட்டார்கள். அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அவள் எதிரே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் பேடு கிடந்தது. புது வெள்ளைத் துணியில், முட்டிக்குச் சற்றுக் கீழே, பந்தின் சிவப்பு வட்டமாக ஒட்டியிருந்தது.

"கவனிக்காத மாதிரி இருந்திருக்கலாம் நீ."

"நீங்க காலை மறைக்காம நின்னிருந்தா எனக்கும் சந்தேகம் வந்திருக்கும்."

அவர் மூக்கால் சிரித்தார். "கோட்டைக் கழட்டிக் குடு."

கழற்றிக் கொடுத்தாள். மடிப்பை ஒரு ஓரம் பிரித்துப் பட்டனை வெளியே எடுத்தார். பிறகு இடது பையை வெளிப்பக்கமாக இழுத்து, ஓட்டைக்கு அடியில் ஒரு துண்டுத் துணி கொடுத்து, மெஷினை ஓட்டினார். போதும் என்று அவள் நினைத்த பிறகும் ஓட்டினார். மறுபடி திருப்பி, குறுக்கே ஒன்று.

"இவ்வளவு கெட்டியாவா? அதான் ஆட்டம் முடிஞ்சுபோச்சே. முட்டி கேக்காது, இந்த வருஷத்தோட சரின்னு ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கீங்க. இனிமே யாருக்கு இந்தக் கோட்டு?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பையைத் திருப்பி உள்ளே தள்ளி, விரலால் அடிவரை துழாவிப் பார்த்தார். பிறகு பட்டன் டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்தப் பைக்குள் போட ஆரம்பித்தார். ஆறு போட்டார். கை மறுபடி டப்பாவுக்குள் போனது.

"அடுத்த வருஷத்துக்கு, இதுல ஏழாப் போட்டு வைக்கவா?"