மூலையை விட்டு வராத ராஜா

போத்தனூர் கல்யாண மண்டபத்தில் நடந்த சதுரங்கப் போட்டியில் கடைசி ஆட்டம் மட்டும் முடியவில்லை. ரிசப்ஷனுக்கு மேசை வேண்டுமென்று பந்திக்காரர்கள் இலைக்கட்டோடு வந்து நின்றார்கள்.

"இதோட நிறுத்துங்க. ஜெயமா டிராவான்னு நான் பார்த்துச் சொல்றேன்," என்றார் நடுவர் அப்துல் வஹீது.

டிராவாகி அரைப் புள்ளி கிடைத்தால்கூட மாவட்ட அணியில் கடைசி இடம் மதிவதனிக்கு. ஆனால் அவளிடம் மிஞ்சியது ஒற்றை ராஜா. எதிரே காங்கேயத்து எண்ணெய் மில்காரர் அங்கப்பனிடம் ராஜாவும் ஒரு பிஷப்பும், ராணியாக இரண்டே கட்டம் பாக்கியிருக்கும் ஓரத்துச் சிப்பாயும்.

"இதுல பார்க்க என்னங்க இருக்குது?" என்றார் அங்கப்பன்.

"டிராங்க," என்றாள் மதிவதனி. அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. பலகையைக் காட்டி விளக்கினாள். சிப்பாய் போய்ச் சேரவேண்டிய மூலை கறுப்புக் கட்டம். அவருடைய பிஷப்போ வெள்ளைக் கட்டத்தில் மட்டும் நடப்பது. மூலையைப் பிடித்துக்கொண்ட ராஜாவைக் கிளப்ப அதனால் ஆகாது.

அங்கப்பன் நம்பவில்லை. "அப்ப என் காயை வெச்சு நீங்களே ஜெயிக்கப் பாருங்க அம்மணி. ஒத்த ராஜாவ நான் ஆடறேன். முடிஞ்சா ஜெயம் எனக்கு, முடியலீன்னா டிரா."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். இரண்டு நகர்த்தல் வரை ராஜா மூலையிலேயே கிடந்தது. அதற்குமேல் அங்கப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ராஜான்னா இப்படியா கண்ணு பதுங்கும்?" என்று அதை வெளியே நடத்திவந்தார்.

இப்போது சிப்பாயைத் தள்ளினால் ஜெயம். ஜெயித்தால் அரைப் புள்ளி போச்சு. பிஷப்பை எங்காவது இழுத்து வைத்தால் யாருக்கும் தெரியாது. அது மதிவதனிக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேண்டுமென்றே தப்பாக ஆட மனம் வரவில்லை. சிப்பாயைத் தள்ளிவிட்டாள்.

"பார்த்தீங்களா பாய், தோத்துப்போட்டேன்," என்று அங்கப்பன் பூரித்துப்போனார்.

அங்கப்பனுக்கு ஜெயம் எழுத வஹீது பேனாவைத் திறந்தார்.

"ஏனுங்ணா," என்றாள் மதிவதனி. குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நீங்க வெளிய வந்தீங்க. நான் வருவனுங்களா?"

பந்திக்காரர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். வஹீது பேனாவை மூடினார். "நியாயம்தான். பழையபடி உட்கார்ந்து ஆடுங்க."

சுற்றிலும் பந்திக்கு இலை விழ விழ, அங்கப்பன் ஆனமட்டும் முட்டிப் பார்த்தார். அவள் ராஜா மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக நடந்ததே தவிர வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

"என் காயை வெச்சு ஜெயிச்சது அம்மணி. அவங்க ராஜாவ வெச்சுத் தோத்தது நானு. எனக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"அரைப் புள்ளி இருக்குதே," என்று டிரா எழுதித் தாளைத் திருப்பினார் வஹீது.

மதிவதனி முதலில் கையெழுத்துப் போட்டாள்.