இலை மாறின கன்று

இடுப்பில் தொடங்கிய வலி வலது தொடையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கியது. சன்னாசியால் சட்டென்று குத்துக்காலிட முடியவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கன்று போட்டிருந்த பழைய மீன் பெட்டிக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்தான். ஜெலாப்பாங்கில் ஓட்டுத் தொழிற்சாலையில் வாரம் முழுக்க ஓடு சுமந்த உடம்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடக்கலாம், கேட்க ஆள் கிடையாது. ஆனால் அடுத்த ஞாயிறு காளியம்மா வருவாள். பெட்டியில் நிற்கும் தக்காளிக் கன்றுகளில் எது அவளுடையது, எது தன்னுடையது என்று அதற்குள் பிரித்தாக வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது இருவரும் ஒரே தொழிலாளர் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. தோட்டத்தை விற்று லயத்தை இடித்த பிறகு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவன் ஜெலாப்பாங்கில் ஓர் அறையும் சமையற்கட்டும் பின்னால் நாலு முழ மண்ணும் உள்ள வாடகை வீட்டுக்கு வந்தான். புருஷனைப் பறிகொடுத்த காளியம்மா, மகன் ஜெயபாலனோடு ஈப்போவில் மூன்றாம் மாடிக்குப் போனாள். லயத்து வாசலில் அவள் வளர்த்த தக்காளி சின்னதாக, கோடு விழுந்து, பார்க்க ஒன்றுமில்லாததாக இருக்கும். புளிப்பு மட்டும் கடுமையானது. இரண்டு பழம் போட்டால் ரசத்துக்குப் புளி வேண்டாம். அந்த ரசத்தைச் சன்னாசி எத்தனையோ நாள் வாங்கிக் குடித்திருக்கிறான். செடியை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

போன மாதம் அவள் பஸ் ஏறி வந்திருந்தாள். சாம்பல் தடவிப் பழைய காகிதத்தில் காயவைத்த விதையை மடியிலிருந்து எடுத்தாள்.

"இருக்கிறதே இவ்வளவுதாண்ணே. மாடியில மண்ணுக்கு எங்க போறது? நீங்க மொளைக்கப் போட்டு வைங்க. கன்னானதும் வந்து எடுத்துக்கிறேன். மண்ணெண்ணெத் தகரத்துல வச்சு வாசல்ல வளத்துக்குவேன்."

"மகன்கிட்ட குடுத்து விட்டிருக்கலாம்லா."

"அவனுக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்? நான் சும்மா வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. கன்னுக்கு வாரேன்னா எவன் கேக்கப்போறான்?" என்று சிரித்தாள். பிறகு சுற்றிப் பார்த்து, "பேருக்கு ஏத்த மாதிரிதான் வீட்ட வச்சிருக்கீங்க. அந்தப் பாய ஒதறி எத்தன வருசமாச்சு?" என்றாள்.

அவள் போன பிறகு சன்னாசி பாயை உதறினான். அவள் கோப்பி குடித்த கிளாசை அன்று முழுக்கக் கழுவாமல் வைத்திருந்தான். அந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான். தொழிற்சாலையில் பேச்சென்றால் தூக்கு, இறக்கு, தள்ளு. அதோடு சரி. இனி கன்றுக்கு ஒரு தடவை வருவாள். பூ உதிர்கிறது என்று கேட்க ஒரு தடவை வருவாள். காய்த்தால் கொண்டுவந்து கொடுக்காமலா இருப்பாள்? அவன் இப்படியெல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

அதே பெட்டியில் பசாரில் வாங்கிய தக்காளியின் விதையையும் பிழிந்து விட்டதுதான் வினை. இந்தப் பக்கம் அவளுடையது, அந்தப் பக்கம் தன்னுடையது, நடுவில் ஒரு குச்சி. இதற்குப் போய்ப் பேர் எழுதி வைப்பார்களா என்று விட்டுவிட்டான். மறுநாள் சாயங்காலம் அடித்த மழையில் கூரைத் தண்ணீர் முழுவதும் பெட்டிக்குள் கொட்டியது. குச்சி மிதந்து போனது. விதைகள் ஒதுங்கின இடத்தில் முளைத்தன.

இப்போது கன்றுகள் விரல் உயரம் தாண்டி நின்றன. ஒன்றைக் கிள்ளி முகர்ந்தான். இன்னொன்றை முகர்ந்தான். இரண்டும் தக்காளி வாசம்தான். தண்டு சில கன்றில் ஊதா, சில கன்றில் பச்சை. வெயில் பட்ட பக்கம் எல்லாமே ஊதாவாக இருந்தது. தண்டின் மயிரைப் பார்த்தான். எல்லாவற்றிலும் மயிர் இருந்தது. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

சரி, அவளே வந்து பிரிக்கட்டும், நாம் கன்றையாவது ஒழுங்கு பண்ணி வைப்போம் என்று முடிவு செய்தான். அது அவனுக்குத் தெரிந்த வேலை. தோட்டத்தில் ரப்பர் ஒட்டுக்கன்று மேடையில் பல வருஷம் நின்றவன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வரிசையாக நடந்து வருவார். மற்றதைப் போல இல்லாமல் இலை மாறியிருந்தால் அது கலப்பு, பிடுங்க வேண்டும். சோடையாக நின்றால் பிடுங்க வேண்டும். ஒன்றை விட்டாலும் தாயை இழுத்துத் திட்டுவார். சன்னாசியின் மேடையில் மட்டும் அவர் குனிந்து பார்க்கத் தேவையே இருந்ததில்லை.

பெட்டியில் பெரும்பாலான கன்றுகளின் இலை நன்றாக வெட்டு வெட்டாக இருந்தது. இடையிடையே சில குட்டையாக, இலையில் வெட்டே விழாமல் மொழுக்கென்று நின்றன. கை தானாகப் போனது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒரு கை சேர்ந்ததும் பின்பக்க லோங்கானில், சாக்கடைத் தண்ணீரில் போட்டான். மிச்சம் ஒரே மாதிரி, ஒரே உயரத்தில், கண்ணுக்கு அழகாக நின்றது. அவள் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காளியம்மா தகரத்தோடு வந்தாள். தலையில் பூ வைக்காவிட்டாலும் நல்ல சேலை கட்டியிருந்தாள். பெட்டிக்கு முன்னால் குனிந்தாள்.

"என்னோடது எதுண்ணே?"

"நீயே பாத்து எடு. ஒண்ணுகூட சோடை கெடையாது."

அவள் ஒவ்வொரு கன்றாக இலையைத் தூக்கிப் பார்த்தாள். பெட்டியின் கடைசி வரை போய், மறுபடியும் முதலிலிருந்து வந்தாள்.

"என்னோடது எலையில வெட்டு இருக்காதுண்ணே. உருளக்கெழங்கு எல மாதிரி மொழுக்குன்னு இருக்கும். மொத மாசம் வளரவும் செய்யாது, தவங்கிக்கிட்டே நிக்கும்."

சன்னாசி சாக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மொளைக்கவே இல்லையா? பழைய வெததான். அதான் செத்துப்போச்சு போல."

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். அவளே எடுத்துக் கொடுத்த பொய். அவன் தலை ஆடவில்லை.

"மொளைச்சுச்சு. நாந்தான் புடுங்கி லோங்கான்ல போட்டுட்டேன். கலப்புன்னு நெனச்சேன்."

காளியம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். தகரத்தின் விளிம்பைத் தடவினாள்.

"வெள்ளக்காரன் போனான், அப்புறம் வந்தவனும் தோட்டத்த வித்துட்டுப் போயிட்டான். நீங்க இன்னும் அவனுங்களுக்குக் கலப்பு பொறுக்கிக்கிட்டு இருக்கீங்க."

"இதுல ரெண்டு மூணு கொண்டு போயேன். நல்லா காய்க்கும்."

"இதுதான் பசார்ல கூடை கூடையா கெடக்கேண்ணே."

அவன் கோப்பி கலந்து கொடுத்தான். குடித்தாள். இந்தத் தடவை கிளாசை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெறும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு, "வாரேண்ணே" என்றாள். புறப்படுகிற யாரும் சொல்வதுதான் அது.

அன்று சாயங்காலமே சாக்கடையைக் கிளறிப் பார்த்தான். ஒரு தண்டுகூடக் கிடைக்கவில்லை. அதே லயத்திலிருந்த ராக்காயி முன்பு காளியம்மாவிடம் விதை வாங்கியது நினைவுக்கு வந்து, ஒரு ஞாயிறு அவள் இப்போது இருக்கும் தைப்பிங்கிற்குப் போனான். மழையில் நனைந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். "அதெல்லாம் அங்கேயே அழிஞ்சு போச்சுண்ணே. இதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று ராக்காயி சோறு போட்டாள்.

பசார் தக்காளி நன்றாகக் காய்த்தது. தின்ன ஆளில்லாமல் பாதி செடியிலேயே அழுகியது. ஈப்போவுக்குப் பஸ் இருந்தது, மாடியும் அவனுக்குத் தெரியும். வெறுங்கையோடு போய் என்ன சொல்லி நிற்பது என்றுதான் தெரியவில்லை. தீபாவளி வந்து போனது. காளியம்மா வரவில்லை.

அவளுக்கு ஒரு தக்காளிக் கன்று அவன் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது.